நீந்துகிறவர் ஓட வேண்டும். ஓடுகிறவர் நீந்த வேண்டும்

ஓடுகிறவர் வலிமை மிக்கவரா, நீந்துகிறவர் வலிமை மிக்கவரா?

1977ஆம் ஆண்டில் ஒரு பரிசளிப்பு விழாவில் இந்தக் கேள்வி எழுந்தது. இடம், பசிபிக் பெருங்கடலில் உள்ள ஹவாய்த் தீவுகளுள் ஒன்றான ஓவாஹூ. தொடர் ஓட்டப் பந்தயம் ஒன்று முடிந்து, ஓட்டக் கழகத்தாரும் நீச்சல் கழகத்தாரும் ஒன்றாகக் கூடியிருந்தனர். பேச்சு வாதமாயிற்று. அமெரிக்கக் கடற்படை அதிகாரியான ஜான் காலின்ஸ் என்பவர், "சைக்கிள் ஓட்டுகிறவர்களை ஏன் விட்டுவிட்டீர்கள்?" என்று கேட்டார். மூன்றையும் ஒரே நாளில் அடுத்தடுத்துச் செய்து பார்த்துவிடலாம் என்றும் சொன்னார். மறு ஆண்டு, 1978 பிப்ரவரி 18ஆம் நாள், 15 பேர் கடலில் இறங்கினர். 3.86 கிலோமீட்டர் நீச்சல். பிறகு 180 கிலோமீட்டர் சைக்கிள். அதன் பிறகு 42.195 கிலோமீட்டர் ஓட்டம். 12 பேர் முடித்தனர். முதலில் வந்த கார்டன் ஹாலருக்கு 11 மணி 46 நிமிடம் 58 வினாடி ஆயிற்று. 'அயர்ன்மேன்' என்று இன்று உலகெங்கும் அறியப்படும் போட்டி இவ்வாறுதான் பிறந்தது.

மாணவ நண்பர்களே, அந்தப் போட்டியை நீங்கள் பின்பற்ற வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அது வளர்ந்தவர்களுக்கானது, பல ஆண்டுப் பயிற்சி வேண்டும். ஆனால் அந்த வாதம் நம் பள்ளிகளிலும் நடக்கிறது. "நீச்சல்தான் முழுமையான உடற்பயிற்சி, வேறெதுவும் தேவையில்லை" என்கிறார் ஒருவர். "ஓடினால் போதும், தண்ணீரில் கிடந்து என்ன பயன்?" என்கிறார் இன்னொருவர். நீச்சல் வீரர் மைதானத்துக்கு வருவதில்லை. ஓட்டக்காரர் தண்ணீர்ப் பக்கம் போவதில்லை.

இருவர் சொல்வதும் தவறு என்பது என் கருத்து. உயர்நிலைப் பள்ளி வயதில் உள்ளவருக்கு இரண்டும் வேண்டும். ஆனால் பலரும் சொல்லும் காரணத்துக்காக அன்று. அந்தக் காரணம் ஏன் சரியில்லை என்பதையும், உண்மையான காரணம் எது என்பதையும் பார்ப்போம்.

காற்றும் தண்ணீரும்

முதலில் இரு பயிற்சிகளுக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். தண்ணீர் காற்றைப் போல் சுமார் 800 மடங்கு அடர்த்தியானது. ஆகவே தண்ணீரில் முன்னேறுவது கடினம். வேகத்தை இரு மடங்காக்கினால், தண்ணீர் தரும் தடை ஏறக்குறைய நான்கு மடங்காகிறது. நீந்துகிறவர் செலவிடும் ஆற்றலில் மிகச் சிறு பகுதியே அவரை முன்னே நகர்த்துகிறது. எஞ்சியதில் பெரும் பகுதி உடலைச் சூடாக்குவதிலும் தண்ணீரைக் கலக்குவதிலும் போய்விடுகிறது.

எவ்வளவு கடினம் என்பதை உலகச் சாதனைகளைக் கொண்டே கணக்கிடலாம். 1998இல் மொராக்கோ நாட்டின் ஹிஷாம் எல் கெரூஜ் 1,500 மீட்டரை 3 நிமிடம் 26 வினாடிகளில் ஓடினார். 2025இல் ஜெர்மனியின் லூகாஸ் மார்ட்டன்ஸ் 400 மீட்டரை 3 நிமிடம் 39.96 வினாடிகளில் நீந்தினார். முன்னவரின் வேகம் வினாடிக்கு 7.28 மீட்டர், பின்னவரின் வேகம் 1.82 மீட்டர். வகுத்துப் பாருங்கள், சரியாக 4 வரும். ஒரே தூரத்தைக் கடக்க ஓட்டத்தைப் போல் ஏறக்குறைய நான்கு மடங்கு ஆற்றல் நீச்சலுக்குத் தேவை என்று உடலியல் நூல்கள் கூறுவதோடு இது பொருந்துகிறது. 100 மீட்டர் நீந்திய மாணவனை, "இவ்வளவுதானா?" என்று இனிக் கேலி செய்யாதீர்கள். 400 மீட்டர் ஓடியவன் உழைத்த அளவுக்கு அவனும் உழைத்திருக்கிறான்.

இதயம் வேலை செய்யும் விதமும் மாறுகிறது. ஓடும்போது நாம் நிமிர்ந்து நிற்கிறோம். கால்களுக்குச் சென்ற இரத்தம் புவி ஈர்ப்பை எதிர்த்து மேலே ஏற வேண்டும். நீந்தும்போது உடல் கிடையாக இருக்கிறது. தண்ணீரின் அழுத்தம் கை கால்களை நாற்புறமும் இறுக்குகிறது. எனவே இரத்தம் எளிதாக இதயத்துக்குத் திரும்புகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் அதிக இரத்தம் வெளியேறுகிறது. மேலும், தண்ணீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்துவதால் உடல் குளிர்ச்சியாகவே இருக்கிறது. இக்காரணங்களால், முழு மூச்சுடன் நீந்தும்போது நாடித் துடிப்பு, முழு மூச்சுடன் ஓடும்போது இருப்பதைவிட நிமிடத்துக்கு 10 முதல் 15 வரை குறைவாக இருக்கும்.

நாடியை எண்ணுவதற்குக் கடிகாரம் ஒன்று போதும். ஓடி நின்றவுடன் மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்து 15 வினாடிகள் எண்ணி, அதை 4ஆல் பெருக்குங்கள். மற்றொரு நாள் நீந்திக் கரையேறியவுடன் அதே போல் எண்ணுங்கள். பத்து நண்பர்களின் எண்களை ஒரு நோட்டில் குறித்து வந்தால், நூலில் உள்ளது சரிதானா என்று நீங்களே சொல்லலாம்.

ஒன்று மற்றொன்றை வளர்க்குமா?

"நீந்தினால் நுரையீரல் விரியும்; அதனால் ஓட்டத்தில் வெல்லலாம்" என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இது எந்த அளவுக்கு உண்மை?

1975இல் மேஜல் என்பவரும் அவருடைய சக ஆய்வாளர்களும் அமெரிக்காவில் இதைச் சோதித்து வெளியிட்டனர். 15 இளைஞர்களுக்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரம், வாரம் மூன்று நாள் என 10 வாரங்கள் நீச்சல் பயிற்சி அளித்தனர். உடல் ஒரு நிமிடத்தில் அதிக அளவாக எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியும் என்பதைப் பயிற்சிக்கு முன்னும் பின்னும் அளந்தனர். நீந்தவிட்டு அளந்தபோது அது சுமார் 11 சதவீதம் உயர்ந்திருந்தது. அதே இளைஞர்களைச் சுழலும் பட்டையின் மேல் ஓடவிட்டு அளந்தபோது உயர்வு வெறும் 1.5 சதவீதம், அதாவது பொருட்படுத்தத்தக்க மாற்றம் இல்லை.

இது எப்படி? இதயம் ஒன்றுதானே? ஆம், இதயம் ஒன்றுதான். ஆனால் ஆக்சிஜனைச் செலவழிப்பவை தசைகள். நீந்தும்போது தோளும் கையும் முதுகும் பெரும்பாலான வேலையைச் செய்கின்றன. அத்தசைகளில்தான் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பெருகுகின்றன. ஆக்சிஜனை எரிக்கும் நொதிகள் கூடுகின்றன. தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் அந்தப் பலன் அவ்வளவாகப் போய்ச் சேர்வதில்லை. ஊருக்கு வரும் வாய்க்கால் அகலமாக இருந்தாலும், வயலுக்குள் நீர் பாய வரப்பில் மடை திறக்க வேண்டும் அல்லவா? அதைப் போலத்தான்.

ஆகவே நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். மாநில அளவில் 1,500 மீட்டர் ஓட்டத்தில் பதக்கம் பெறுவது ஒன்றே உங்கள் நோக்கமானால், நீச்சல் உங்களை அங்கே கொண்டு சேர்க்காது. ஓட்டம்தான் சேர்க்கும். நீச்சல் பதக்கத்துக்கும் இதுவே விதி. பதக்கத்தைக் காட்டி இரண்டையும் சேர்த்துச் செய்யச் சொல்பவர்கள், அறிவியலுக்குப் பொருந்தாத ஆசையைக் காட்டுகிறார்கள்.

உண்மையான காரணம் எலும்பு

அப்படியானால் நீந்துகிறவர் ஏன் ஓட வேண்டும்? நுரையீரலுக்காக அன்று, எலும்புக்காக.

எலும்பு உயிரற்ற தூண் அன்று. அதைக் கட்டுகிற உயிரணுக்களும் உண்டு. கரைக்கிற உயிரணுக்களும் உண்டு. எந்த இடத்தில் பாரமும் அதிர்வும் விழுகின்றனவோ அந்த இடத்தில் எலும்பு உறுதியாகிறது. விழாத இடத்தில் மெலிகிறது. ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஜூலியஸ் உல்ஃப் 1892இலேயே இக்கருத்தை நூலாக எழுதினார். விண்வெளியில் மாதக்கணக்கில் தங்கும் வீரர்கள் இதற்குச் சான்று. அங்கே உடலுக்கு எடை தெரிவதில்லை. அதனால் அவர்களுடைய இடுப்பெலும்பு மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் வரை தேய்ந்துவிடுகிறது. ஆகவேதான் அவர்கள் அங்கே நாள்தோறும் உடற்பயிற்சி செய்கிறார்கள்.

இப்போது தண்ணீருக்கு வாருங்கள். கழுத்தளவு நீரில் நிற்கும்போது ஆர்க்கிமிடிஸ் விதிப்படி மிதப்பு விசை நம்மைத் தாங்குகிறது. காலின் மீது விழுவது உடல் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். நீந்தும்போது காலடியில் தரையே இல்லை. மூட்டுக்கு இது நல்லது; எலும்புக்கோ வேலையில்லை. வளரும் வயதினரிடம் நடந்த பல ஆய்வுகளில், நீச்சல் மட்டுமே பயின்றவர்களின் எலும்பு அடர்த்தி, கால்பந்து, கைப்பந்து, ஜிம்னாஸ்டிக்ஸ் ஆடியவர்களுடையதைவிடக் குறைவாக இருந்தது. எந்த விளையாட்டுக்கும் போகாதவர்களின் எலும்பு அடர்த்திக்கு ஏறக்குறைய சமமாகவே இருந்தது. தினமும் இரண்டு மணி நேரம் தண்ணீரில் உழைத்தவருடைய தசைகளும் இதயமும் சிறந்து விளங்க, எலும்பு மட்டும் வீட்டில் உட்கார்ந்திருந்தவருடையதைப் போல இருக்கிறது! 'முழுமையான உடற்பயிற்சி' என்ற பெயர் நீச்சலுக்குப் பொருந்தாது என்று நான் சொல்வது இதனால்தான்.

இதில் வயது மிக முக்கியம். வாழ்நாள் முழுவதற்குமான எலும்பில் பெரும் பங்கு 20 வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது. நீங்கள் மளமளவென்று உயரும் காலத்தை ஒட்டிய இரண்டு ஆண்டுகளில் மட்டும் ஏறக்குறைய கால் பங்கு சேர்கிறது. இது ஒரு சேமிப்புக் கணக்கு. பணம் போட இந்த ஆண்டுகளில்தான் வசதி. பிறகு எடுப்பதுதான் அதிகம். அறுபது வயதில் குளியலறையில் வழுக்கி விழும் பாட்டியின் இடுப்பெலும்பு முறிகிறதா இல்லையா என்பதில், அவர் பதின்மூன்று வயதில் ஓடி ஆடினாரா என்பதற்கும் ஒரு பங்கு உண்டு.

மாணவிகளுக்கு இதைத் தனியாகச் சொல்ல விரும்புகிறேன். முதுமையில் எலும்புத் தேய்மானம் ஆண்களைவிடப் பெண்களையே அதிகம் தாக்குகிறது. ஆனால் எலும்பு சேரும் அதே வயதில்தான், "பெரிய பெண்ணாகிவிட்டாய், இனி ஓடக் கூடாது" என்று பல வீடுகளில் சொல்கிறார்கள். இதைவிடத் தவறான அறிவுரை இருக்க முடியாது. உங்கள் வீட்டில் அப்படிச் சொன்னால், இந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டுங்கள்.

ஓடுகிறவர் ஏன் நீந்த வேண்டும்?

ஓட்டம் எலும்புக்கு நல்லதென்றால் ஓட்டம் மட்டும் போதாதா? போதாது. அதற்கும் கணக்கு உண்டு.

ஓடும்போது ஒவ்வொரு முறை கால் தரையில் பதியும்போதும் உடல் எடையைப் போல் 2 முதல் 3 மடங்கு விசை தாக்குகிறது. 40 கிலோ எடையுள்ள மாணவனுக்கு ஓரடியில் சுமார் 100 கிலோ பாரம். ஒரு கிலோமீட்டர் தூரத்துக்கு ஏறக்குறைய 1,000 அடிகள். அளவோடு இருந்தால் இந்த அதிர்வு எலும்பைக் கட்டும். ஓய்வின்றித் தொடர்ந்தால் கணுக்கால் எலும்பிலும் முழங்காலிலும் வலியாக மாறும். எலும்பு உறுதியாவது ஓடும் நேரத்தில் அன்று. ஓடி முடித்து ஓய்வெடுக்கும் நேரத்தில்.

அந்த ஓய்வு நாளில் சும்மா இருக்க மனமில்லாதவருக்கு நீச்சலே சிறந்த துணை. காலுக்கு அடியில்லை, இதயத்துக்கு வேலை உண்டு. ஓட்டத்தில் சும்மா ஆடிக்கொண்டிருக்கும் தோளும் முதுகும் அங்கே உழைக்கின்றன. காலில் அடிபட்ட ஓட்டக்காரர்களைப் பயிற்சியாளர்கள் ஆழமான நீரில் ஓடுவது போலக் காலை அசைக்கச் சொல்வதும் இதனால்தான்.

நீச்சல் வீரருக்கும் ஒரு கணக்கு உண்டு. 25 மீட்டருக்கு 20 முறை கை வீசுவதாக வைத்துக்கொண்டால், 2 கிலோமீட்டர் நீந்த 1,600 வீச்சு. ஒவ்வொரு தோளுக்கும் 800. ஒரு நாள் ஓடினால் தோளுக்கு ஓய்வு. ஆக, ஒரு பயிற்சியின் ஓய்வு நாளே மற்றதன் பயிற்சி நாளாகிறது.

இவை எல்லாவற்றுக்கும் மேலான காரணம் ஒன்று உண்டு. ஓடத் தெரியாததால் யாரும் இறப்பதில்லை. நீந்தத் தெரியாததால் கிணற்றிலும் ஆற்றிலும் கடலிலும் ஆண்டுதோறும் எத்தனையோ மாணவர்களை இழக்கிறோம்.

எதிர்ப்புகளுக்குப் பதில்

நீச்சல் பயிற்சியாளர்கள் சிலர் மறுப்பார்கள். "ஓடினால் கெண்டைக்கால் இறுகும், பாதத்தைப் பின்னுக்கு நீட்டி நீரை உதைக்க முடியாது" என்பார்கள். இதில் உண்மை இல்லாமல் இல்லை. நல்ல உதைக்குக் கணுக்கால் நெகிழ்வு தேவைதான். ஆனால் வாரம் இரண்டு நாள், 20 நிமிட ஓட்டத்தால் கணுக்கால் கெட்டுவிடாது. ஓடிய பின் காலை நீட்டி மடக்கித் தளர்த்தினால் போதும்.

"நீச்சல் வீரர் ஓடினால் அடிபடுகிறார்" என்பது இரண்டாவது மறுப்பு. இது இன்னும் கவனிக்க வேண்டியது. நீந்திப் பழகியவரின் இதயம் வலுவானது. முதல் நாளே ஐந்து கிலோமீட்டர் ஓட அது இடம் கொடுக்கும், மூச்சு வாங்காது. ஆனால் அவருடைய கால் எலும்பும் தசைநாணும் அந்த அதிர்வை இதற்கு முன் கண்டதில்லை. இதயமும் தசையும் சில வாரங்களில் பழகிவிடும். எலும்புக்கும் தசைநாணுக்கும் மாதங்கள் தேவை. லாரியின் எஞ்சினை மாட்டு வண்டியில் பொருத்தினால் அச்சு என்னவாகும்? எனவே ஓட்டத்தைக் கைவிடுவது பதிலாகாது. மெதுவாகத் தொடங்குவதே பதில்.

எப்படித் தொடங்குவது?

நீந்துகிறவர்கள் முதல் மாதம் வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் ஓடுங்கள். இடையில் இரண்டு நாள் இடைவெளி விடுங்கள். ஒரு நிமிடம் மெல்லோட்டம், இரண்டு நிமிடம் நடை. இப்படி ஆறு முறை. சிமெண்டுத் தரையைவிட மண் தரையோ புல் தரையோ மேல். இரண்டு மூன்று மாதங்களில் தொடர்ந்து 20 நிமிடம் ஓடும் அளவுக்கு வரலாம். முன்னங்கால் எலும்பில் ஒரே இடத்தில் தொட்டால் வலித்தால் ஓட்டத்தை நிறுத்தி மருத்துவரிடம் காட்டுங்கள். "வலியைப் பொறுத்துக்கொண்டு ஓடு" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

ஓடுகிறவர்கள் வாரத்துக்கு இரண்டு நாள் நீந்துங்கள். தூரத்தைப் பற்றிக் கவலை வேண்டாம், முறையைக் கற்றுக்கொள்ளுங்கள். தண்ணீரில் தடையைக் குறைப்பதே பாதி வெற்றி. தலையைத் தூக்கினால் இடுப்பு தாழும். இடுப்பு தாழ்ந்தால் தடை கூடும். நீச்சல் நன்கறிந்த பெரியவர் ஒருவர் அருகில் இல்லாமல் ஒருபோதும் இறங்காதீர்கள்.

இரண்டையும் ஒரே நாளில் செய்வதானால் நீச்சல் முதலில், ஓட்டம் பிறகு. களைத்த கால்கள் தண்ணீரில் தசைப்பிடிப்புக்கு உள்ளாகலாம். தரையில் பிடித்தால் உட்கார்ந்துகொள்ளலாம். ஆழத்தில் பிடித்தால் என்ன செய்வது? ஹவாயில் 1978இல் நீச்சலையே முதலில் வைத்தார்கள். இன்றும் இத்தகைய போட்டிகளில் அதுவே பெரும்பாலும் வழக்கம்.

பயிற்சியோடு உணவும் வேண்டும். சுண்ணாம்புச் சத்து இல்லாமல் எலும்பைக் கட்ட முடியாது. கேழ்வரகுக் கூழும் பாலும் தயிரும் கீரையும் போதும். விலை உயர்ந்த டப்பாப் பொடிகள் தேவையில்லை.

"எங்கள் ஊரில் நீச்சல் குளம் இல்லை" என்று சிலர் சொல்வது காதில் விழுகிறது. உண்மைதான். பாதுகாப்பான நீர்நிலையும் கற்றுத் தருபவரும் கிடைக்கும் வரை காத்திருங்கள். ஆனால் ஒரு கோடை விடுமுறையிலாவது கற்றுக்கொள்ளுங்கள். அதுவரை ஓட்டத்துக்கு ஓய்வு தரும் நாளில் சைக்கிள் மிதிக்கலாம். மைதானம் இல்லாத நீச்சல்காரர்களுக்குக் கயிறு தாண்டுவதும் கோகோவும் பாண்டி ஆட்டமும் இருக்கின்றன. எலும்புக்குத் தேவை குதித்து இறங்கும் அதிர்வு. அது எந்த ஆட்டத்தில் வந்தால் என்ன?

பள்ளிகளுக்கும் ஒரு வேண்டுகோள். எட்டாம் வகுப்பிலேயே ஒருவனை 'நீச்சல்காரன்' என்றும் மற்றொருவனை 'ஓட்டக்காரன்' என்றும் பிரித்துவிடாதீர்கள். பதக்கம் வாங்குபவர் பள்ளிக்கு ஓரிருவர்தான். எலும்பு எல்லோருக்கும் இருக்கிறது. விளையாட்டு வகுப்பு நடக்க வேண்டிய நேரத்தில் கணக்குப் பாடம் நடத்துகிற பள்ளிகளும் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். விட்டுப்போன கணக்கை அடுத்த ஆண்டு படித்துக்கொள்ளலாம். பதின்மூன்று வயதில் சேராத எலும்பை முப்பது வயதில் முழுவதும் சேர்த்துவிட முடியாது.

ஹவாயில் அன்று நடந்த வாதத்துக்கு இன்றுவரை முடிவு கிடைக்கவில்லை. அங்கே கேட்கப்பட்டது, யார் வலிமை மிக்கவர் என்ற கேள்வி. நீங்கள் வேறொரு கேள்வியைக் கேளுங்கள்: "இந்த வாரம் என் இதயத்துக்கும் தோளுக்கும் வேலை கொடுத்தேனா? என் எலும்புக்கு வேலை கொடுத்தேனா?" இரண்டில் ஒன்றுக்கு 'இல்லை' என்பது விடையானால், நாளைக் காலையில் என்ன செய்ய வேண்டும் என்று உங்களுக்கே தெரியும்.